கடைசியாக இறங்கியவர்

பின்னேரம் நான்கு மணிபோல அந்தச் சின்ன பஸ் குச்சவெளியை வந்தடைந்தது. இருபத்தொரு நாள் பயணத்தின் கடைசி நாள். ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பின் தேங்கிய நீர், நடுவில் வெயில் தணிந்த தார் வீதி.

"றபீக்கா அக்கா, எழும்புங்கோ, உங்கட ஊர் வந்திட்டுது" என்றான் முன்கதவடியில் நின்ற அஞ்சலோ. "நேபாளத்திலயும் நித்திரை, இந்தியாவிலயும் நித்திரை. இஞ்சயாவது கண்ணைத் திறவுங்கோ."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பயண வழிகாட்டி என்றால் வாய் வேண்டும். அஞ்சலோவுக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை திருகோணமலைப் பக்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புறப்படுவான். காத்மாண்டுவரை விமானம், அங்கிருந்து வீடுவரை தரைவழியும் கடைசியில் கொஞ்சம் கடல்வழியும். மலையிறங்கி, இந்தியாவை மேலிருந்து கீழ்வரை கடந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் கால் வைப்பார்கள். சைவ ஆட்களுக்குப் பசுபதிநாதரும் காசியும், முஸ்லிம் ஆட்களுக்கு நாகூர், வேதக்காரருக்கு வேளாங்கண்ணி. ஒருவர் கும்பிடும் இடத்தில் மற்றவர்கள் வெளியே நின்று கச்சான் கொறிப்பார்கள். நாட்டுக்கு நாடு பஸ் மாறும், சாரதி மாறுவார், தேத்தண்ணியின் ருசி மாறும். அஞ்சலோவின் கூப்பாடு மட்டும் மாறாது. தரித்த இடத்தை விட்டுப் புறப்படும்போதெல்லாம் கையைத் தட்டிக் கத்துவான்:

"எல்லாரும் வாங்கோ! ஒருத்தரும் பின்னுக்கு நிக்கப்படாது. வீட்டு வாசலடியில கொண்டுபோய் விடுறது என்ர பொறுப்பு."

அந்தப் பொறுப்பில் அவன் குறை வைத்ததில்லை. றபீக்காவின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தான். அவரும் கணவரும் உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தான். நிலாவெளியில் மூன்று பேர், உப்புவெளியில் இரண்டு பேர், திருகோணமலை ரவுனுக்குள் மூன்று பேர் என்று ஒவ்வொரு வாசலாக இறக்கிக்கொண்டே போனார்கள்.

இந்த முறை அவனுக்கு வீடு போய்ச் சேரும் அவசரம். மனைவி தர்ஷனா ஏழு மாதக் கர்ப்பிணி. கலியாணம் முடித்த ஆறு வருடத்தில் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்திருந்தார்கள். மூன்றாவது தங்கிவிட்டது. அவளைப் பதறவிடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இந்தப் பயணம் முடிந்தால் பிள்ளை பிறக்கும்வரை எங்கும் போவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

அன்புவழிபுரத்தில் ஞானமலர் டீச்சரை இறக்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், தனி ஆள். கேற்றடியில் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்த அஞ்சலோவின் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பின்னால இருக்கிற அம்மாவ எங்க இறக்கப் போறீங்கள்?"

"எந்த அம்மா?"

"கடைசிச் சீற்றில, முக்காடு போட்டுக்கொண்டு இருக்கிறாவே, அவதான். றபீக்காவோட வந்த ஆள் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். குச்சவெளியில அவையள் இறங்கேக்க இவ இறங்கேல்லை. சரி, நிலாவெளி ஆக்களாக்கும் எண்டு நினைச்சன். அங்கயும் இறங்கேல்லை."

"டீச்சர், நீங்கள்தான் கடைசி ஆள்."

அவர் பிடியை விட்டார்.

"எங்க இருந்து அவவக் கண்டனீங்கள்?" அஞ்சலோவின் குரல் தானாகவே தாழ்ந்தது.

"காத்மாண்டுவில. அந்த ஆத்தங்கரையில இருந்து..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் விளங்கிவிட்டது.

பசுபதிநாதர் கோயிலடி ஆற்றங்கரைப் படிகளில் அன்று மூன்று சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. நான்காவது உடலை மஞ்சள் துணியால் சுற்றித் தண்ணீரில் கால் நனையக் கிடத்தியிருந்தார்கள். அதைச் சுற்றி ஆட்கள் யாரும் இல்லை. நேரம் போகிறதே என்ற அவசரத்தில் அஞ்சலோ அங்கேயே நின்று கையைத் தட்டினான். எல்லாரும் வாங்கோ, ஒருத்தரும் பின்னுக்கு நிக்கப்படாது, வீட்டு வாசலடியில கொண்டுபோய் விடுறன். டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்ன தம்பி இது? செத்தவீட்டில போயிட்டு வாறம் எண்டு கூடச் சொல்லாமல்தான் எழும்பி வருவம். சுடலையில நிண்டு கூப்பிடுறீங்களே."

"அவைக்குத் தமிழ் விளங்காது டீச்சர்" என்று அஞ்சலோ பகிடி விட்டான். டீச்சரும் சிரித்துவிட்டார்.

அன்று பஸ்ஸில் தலைகளை எண்ணியபோது பன்னிரண்டு வந்தது. அவன் கூட்டிப் போனது பதினொரு பேரை. மறுபடி எண்ணினான், பதினொன்று வந்தது. அதற்குப் பிறகு தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டுக் கடவுச்சீட்டுகளை எண்ணத் தொடங்கினான். அது சுலபம். எத்தனை தரம் எண்ணினாலும் பதினொன்றுதான். கோரக்பூரில் தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்காமலே, அவனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று மண்கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தபோதுகூட அவன் யோசிக்கவில்லை. மிஞ்சியதையும் தானே எடுத்துக் குடித்தான். வாயில் சாம்பல் கரகரத்தது. மண்கோப்பை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

டீச்சர் கேற்றுக்கு உள்ளே போய்விட்டார். வந்தவர்களுக்குத் தண்ணீராவது கொடுக்காமல் அனுப்பாத மனுஷி, இன்று கேற்றைச் சாத்திக் கொளுக்கியையும் போட்டார். கம்பிகளுக்கு ஊடாக அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தர்ஷனா பிள்ளைத்தாய்ச்சி. உங்கட வீட்டடிக்குக் கொண்டுபோயிடாதேங்கோ."

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் ஓடியது. கதவு சாத்தப்பட்டது. ஒரு தாழ்ப்பாள், பிறகு இன்னொரு தாழ்ப்பாள்.

அஞ்சலோ பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிகளில் மேற்கு வானத்துச் சிவப்பு விழுந்திருந்தது. உள்ளே வரிசையாக வெற்று இருக்கைகள்.

கடைசி இருக்கையில் ஒரு முக்காடு.

அவனுக்கு ஏற மனம் வரவில்லை. ஏறாமல் நிற்கவும் முடியவில்லை. ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றான். சாரதி ஸெய்னுதீன் கிண்ணியா ஆள், வயது ஐம்பத்தைந்து, தொழுகை தவறாதவர். அன்று காலை யாழ்ப்பாணத்தில்தான் அவர்களை ஏற்றியிருந்தார்.

"நானா" என்றான் காதோரமாக. "காலமை எத்தினை பேர் ஏறினவையள்?"

"பன்னிரண்டு."

"இப்ப எத்தினை பேர் இருக்கிறம்?"

ஸெய்னுதீன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும்... அவவும்."

"முகத்தைக் கண்டனீங்களோ?"

"பொம்பிளையள்ட முகத்தை நான் கண்ணாடியில பாக்கிறேல்ல தம்பி." அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். "ஏன், ஆரு அது?"

"நான் ஏத்தேல்லை நானா."

உதட்டுக்குள் ஓதிக்கொண்டே அவர் பஸ்ஸை எடுத்தார்.

கைத்தொலைபேசி அடித்தது. தர்ஷனா. "எங்க நிக்கிறீங்கள்? கேற்றடியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறன்."

அஞ்சலோவின் வீடு பாலையூற்றில், பெரிய வீதியிலேயே இருந்தது. ஐந்து நிமிட ஓட்டம்கூட இல்லை. "உள்ளுக்குப் போய் இரும்" என்றான். "கொஞ்சம் பிந்தும்."

"உங்கட குரல் என்ன ஒரு மாதிரி?"

"ஒண்டுமில்லை. உள்ளுக்குப் போம்."

அவள் போகவில்லை. பஸ் வருவதைக் கண்டதும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து கையை ஆட்டினாள். "நிப்பாட்ட வேண்டாம் நானா, போங்கோ" என்றான் அஞ்சலோ. மூன்று கிழமையாகக் காணாத மனைவியைக் கடந்து பஸ் ஓடியது. அவளுடைய கை பாதியில் நின்றுபோனதை அவன் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது.

அதே கணத்தில் கண்ணாடியில் இன்னொன்றையும் பார்த்தான்.

முக்காடு மெதுவாகத் திரும்பியது, தர்ஷனா நின்ற பக்கமாக.

வீடு பின்னால் போய் மறையும்வரை அது திரும்பிக்கொண்டேயிருந்தது. மனிதக் கழுத்து திரும்பக்கூடிய அளவையும் தாண்டித் திரும்பியது.

பஸ் சீனக்குடாப் பக்கம் ஓடியது. துறைமுகத் தண்ணீர் வீதிக்குக் கிட்ட வந்தது. நங்கூரமிட்ட கப்பலொன்றில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. உள்ளே ஒரு நாற்றம் எழுந்தது. நனைந்த சாம்பலும், காயாமல் மடித்துவைத்த துணியும் சேர்ந்த நாற்றம். இத்தனை நாளும் பயணிகளின் உடுப்புப் பொதிதான் மணக்கிறது என்று அவன் நினைத்திருந்தான்.

இப்படியே ஓடிக்கொண்டிருக்க ஏலாது. கூப்பிட்டவன் அவன். கேட்கவேண்டியவனும் அவன்தான்.

இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தான். மூன்றாவது வரிசையில் செருப்பு வழுக்கியது. தரையில் தண்ணீர். அதில் கறுப்பாகத் தூள் மிதந்தது. இன்னும் இரண்டு வரிசை இருந்தது. அதற்கு மேல் கால் எழவில்லை.

"அம்மா" என்றான். இருபத்தொரு நாளும் எல்லாரிடமும் கேட்ட அதே மரியாதையோடுதான் வந்தது குரல். "நீங்கள் எங்க இறங்கோணும்?"

முக்காடு அசையவில்லை. மூச்சும் இல்லை. அதற்குள் முகம் இருக்கவேண்டிய இடம் ஈரமாய், இருட்டாய் இருந்தது.

பதில் அவன் காதுக்குள் வந்தது.

"நீங்கள் இறங்கிற இடத்தில."

அது எந்தப் பாஷை என்று அவனால் பிறகு சொல்ல முடியவில்லை. விளங்கியது. அவ்வளவுதான்.

எப்படி முன்னால் வந்து சேர்ந்தான் என்று தெரியாது. தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு எழுந்தது.

"நானா, இஞ்சயே நிப்பாட்டுங்கோ. நான் இறங்கிற இடம் இண்டைக்கு இதுதான்."

"பஸ்?"

"கிடக்கட்டும், காலமை வந்து எடுப்பம். இறங்கினாப் பிறகு ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம், திரும்பிப் பாக்கவும் வேண்டாம். செத்தவீட்டை விட்டுப் போறமாதிரிப் போவம்."

ஸெய்னுதீனுக்கு அந்த பஸ்தான் சோறு போடுகிறது. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் தண்ணீரோரமாக நிறுத்தி, பூட்டில் கிடந்த திறப்பைக்கூட எடுக்காமல் இறங்கினார். அஞ்சலோ அவருக்குப் பின்னால் இறங்கினான். இருவரும் வீதியைப் பார்த்து நடந்தார்கள்.

பத்தடி போயிருப்பார்கள்.

பின்னால் பஸ்ஸின் படி கிறீச்சிட்டது.

சரளைக் கல்லில் ஈரக் காலொன்று பதிந்தது. பிறகு மற்றக் கால்.

ஸெய்னுதீன் அஞ்சலோவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கைகோத்து நடந்தார்கள். காலடி தண்ணீர்ப் பக்கமாக நகர்ந்ததுபோல் இருந்தது. பிறகு அலை கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

சந்திக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். கடைகளில் வெளிச்சம் இருந்தது, யாரோ கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். கிண்ணியா பஸ் வந்தது. ஸெய்னுதீன் ஏறும்போது வாய் திறக்காமல் அவன் தோளை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார்.

அஞ்சலோ ஓர் ஓட்டோவை மறித்து ஏறினான். காற்று முகத்தில் அடித்தது. அதில் கடல் வாடை மட்டுமே இருந்தது. இறங்கிவிட்டது, துறைமுகத்தோடு போய்விட்டது என்று மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. மாதாவுக்கு ஒரு செபம் சொன்னான். இனிமேல் எந்த நாட்டிலும் சுடலைப் பக்கம் ஆட்களைக் கூட்டிப் போவதில்லை என்று முடிவெடுத்தான். பாதி வழியில் சிரிப்புக்கூட வந்தது.

வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. இறங்கினான்.

கால் நிலத்தில் பட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. துறைமுகத்தில் ஒருதரம் இறங்கினான். இப்போது இங்கேயும் இறங்கியிருக்கிறான்.

ஓட்டோக்காரர் உடனே புறப்படவில்லை. தலையைத் திருப்பிப் பின் இருக்கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனார்.

"வந்திட்டீங்களோ" என்று தர்ஷனா கேற்றைத் திறந்தாள். அழுதிருந்தாள். இப்போது அந்த முகத்தில் சிரிப்பு.

அஞ்சலோ அவளைத் தள்ளாத குறையாக உள்ளே பாய்ந்தான். "சாத்தும், தர்ஷனா. கேற்றைச் சாத்தும்."

அவள் சாத்தவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கேற்றை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவனைத் தாண்டி, வீதிப் பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள்.

"பார்த்து வாங்கோ அம்மா" என்றாள். "படி கொஞ்சம் உயரம்."