வளர்கிறதுக்கு மட்டும் காற்று

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கொண்டைகளை. சிவப்பாக இருந்தால் அடுத்த கோழி. நீலம் பாரித்திருந்தால் காலில் இருக்கும் மூச்சு வளையத்தைத் தட்டிப் பார்ப்பேன். எங்கள் தெருவில் முதலில் பொறியியல் படித்தவள் நான். பட்டம் வாங்கிக் கோழிக்கு மூச்சு பார்க்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இந்தக் கறிக்கோழிகளை வெளியே விட்டால் பிழைக்காது. கறி வளரும் வேகத்துக்கு நெஞ்சு வளர்வதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் விழும், வயிற்றில் நீர் கோக்கும், மல்லாந்துவிடும். நெஞ்சைச் சரிசெய்வதைவிடக் காற்றைச் சரிசெய்வது மலிவு என்று கம்பெனி கண்டுபிடித்தது. அதனால்தான் அறை அறையாகத் தடுத்து, குழாய்வழி உயிர்வளி. வளையம் இரத்தத்தைப் படிக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த அறையின் குழாய் தானாகத் திறக்கும். காலின் பருமனையும் அதுவே அளக்கும். பருக்காத கோழிக்குக் காற்று கிடையாது. அறைக்கு வெளியே இருக்கும் மின்பலகையில் 'நீக்கு' என்று வரும், கொஞ்ச நேரத்தில் குழாய் மூடிக்கொள்ளும். கழுத்தைத் திருகுவது என் வேலை.

அன்று கடைசி அறைக்கு 'நீக்கு' வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அறைக் கோழிகளை முந்தின நாளே லாரியில் ஏற்றிவிட்டோம். ஆனால் ஒரு வளையம் அங்கே உயிரோடு இருந்தது. குழாய் முழுக்கத் திறந்தும் ஆக்சிஜன் ஏறவில்லை. நாடித்துடிப்போ கோழிக்கு இருக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு மெதுவான நெஞ்சோடு எந்தக் கோழி இருக்கும்? வளையம் பழுது என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன்.

கோழிக்குப் படுக்கையாகப் பரப்பிய தேங்காய் நார் மஞ்சிமேல் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் கட்டைவிரலில் மூச்சு வளையம். பக்கத்தில், இதே கொட்டகையில் மஞ்சி கிளறும் என் அம்மா.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கத்தாத கண்ணு. செத்த கோழியோட வளையந்தான். கழட்டி உங்கப்பனுக்கு மாட்டிவுட்டேன். காத்து சும்மா வருதல்லொ?"

"ஆஸ்பத்திரில குடுக்கற காத்து?"

"நிறுத்திப்போட்டாங்க. இனி வேலைக்கு ஆகற ஒடம்பில்லைன்னு மிசினு சொல்லிப்போடுச்சாமா."

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"சொன்னா நீ நாயம் பேசுவ."

பாதி ஆயுளை நூல்மில்லில் பஞ்சு முழுங்கியே கழித்தவர் அப்பா. இழுத்து இழுத்துச் சிரித்தார். "ஏங்கண்ணு, எட போட்டா நான் எத்தனைக்குப் போவேன்?"

உதடு நீலம். அந்த நீலம் எனக்கு நன்றாகத் தெரியும்.

யார்மேல் கோபப்படுவது? கம்பெனிமேலா, ஆஸ்பத்திரிமேலா, இவர்கள்மேலா? தினமும் கழுத்தைத் திருகும் என்மேலா? வெளியே பலகை மின்னிக்கொண்டிருந்தது. நான் நீக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் குழாய் தானாக மூடிக்கொள்ளும்.

"அது பருக்கணும்மா. பருத்தாத்தான் காத்து."

"மனுசன் வெரலு எங்க பருக்கும்?" அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

தீவன மூட்டையின் தையல் நூலை உருவினேன். வளையத்தைக் கழற்றி, அதன் உணரி தோலில் படும் இடத்தை மட்டும் விட்டு, விரலைச் சுற்றிக் கட்டினேன். மேலே வளையம். பலகையில் பச்சை: 'வளர்ச்சி நன்று.'

அம்மா கைகூப்பினாள். எனக்கும் தலைக்கேறிவிட்டது. இருக்கட்டும் என்று இன்னும் சில சுற்று சுற்றினேன்.

'தயார். ஏற்றுக.'

குழாயின் சீறல் நின்றது. நாளைக்கு வெட்டுப்படப்போகிற கோழிக்குக் கம்பெனி காற்றை வீணாக்காது. தெரிந்த விஷயந்தான். அவசரத்தில் மறந்துபோனேன். அப்பாவின் தோள்கள் காதுவரை ஏறின. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நூலைப் பல்லால் கடித்து ஒரு சுற்றைப் பிரித்தேன். இல்லை. இன்னொன்று. அப்புறம்தான் சீறல் திரும்ப வந்தது.

"என்ன கண்ணு ஆச்சு?" அம்மா அப்பாவின் முதுகைத் தடவினாள்.

"அதிகமா வளந்துட்டாரு."

வளராவிட்டால் நீக்கு. வளர்ந்து முடித்தால் ஏற்று. நடுவில் ஒரு நூல் தடிமன் இருக்கிறது. அதற்குள் அப்பாவை எத்தனை நாள் வைத்திருப்பது? படித்த படிப்பில் இந்தக் கணக்கு வரவில்லை.

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நாளைக்கும் வளரோணுமா கண்ணு?"

மிச்ச நூலை என் விரலில் சுற்றிக்கொண்டேன்.

"ஆமாங்கப்பா," என்றேன். "கொஞ்சமா."