மடியில் ஐந்து மாத்திரை

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

1952, மலாயா. காலை மணி பதினொன்று. ஜாசின் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தனபாலன் போனை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர்! செரிபாயா தோட்டத்து டிரஸ்ஸர் கனகரட்ணம் பேசுறன். கேட்டில ஒரு பொம்பிளையைப் பிடிச்சு வச்சிருக்கிறம். மடியில மாத்திரை! காட்டுக்காரனுக்குக் கடத்தப் பார்த்தவள்!"

காட்டில் ஒளிந்து அரசோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனாலே ஜெயில். மருந்து என்றால்...?

ஜீப் பறந்தது!

முள்வேலி. கேட். அதை ஒட்டி, டிரஸ்ஸர் வைத்தியம் பார்க்கும் தோட்டத்து மருந்துக்கொட்டகை.

தரையில் குஞ்சம்மா உட்கார்ந்திருந்தாள். ரப்பர் பால்மரம் வெட்டுகிறவள். சேலை முழுக்கப் பால் கறை. மடியில் ஒன்பது வயது சுசீலா. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உதடெல்லாம் புண். எச்சில் விழுங்கக்கூட முடியாமல் வாயோரம் வழிந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"கழுத்துல கட்டி, இன்ஸ்பெக்டர்," என்றார் கனகரட்ணம். வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையவில்லை. "தைராய்டு. மலாக்கா ஆஸ்பத்திரியில மாத்திரை எழுதித் தந்தவை. நாளுக்கு ஒண்டு. மருந்து லயத்து வீடுகளுக்குள்ள போகக்கூடாது எண்டு மேனேஜர் ஓடர். அதால என்ர கண்ணுக்கு முன்னாலதான் விழுங்க வைக்கிறன். ஒரு நாள் தவறினதில்லை!"

"அப்புறம் ஏன் இப்படிக் கெடக்கு?"

"இளையதாரம் வளர்க்கிற பிள்ளை. வீட்டில என்னத்தைக் குடுத்தாளோ!"

குஞ்சம்மா நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் வெட்டுக்கத்தி இருந்தது.

"ஏம்மா, மாத்திரை யாருக்குக் கொண்டு போன?"

குஞ்சம்மா பிள்ளையின் வாயோர எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"உள்ள தள்ளிருவேன்லா! பேசு!"

"தள்ளுங்க சார். பிள்ளைய மட்டும் மலாக்காவுல கொண்டு போய் விட்டுடுங்க."

தனபாலனுக்கு எங்கோ உறுத்தியது. கடத்துகிறவள் காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டா கேட்டைத் தாண்டப் பார்ப்பாள்?

மேசைமேல் அந்த ஐந்து மாத்திரைகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஓரம் கரைந்திருந்தது. நனைந்து காய்ந்திருந்தது. நடுவில்... சின்னதாய் ஒரு பல்தடம்!

"டிரஸ்ஸர், உங்க போத்தல்ல எத்தனை குறையுது?"

கனகரட்ணம் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"கு... குறையேல்லை. சரியா இருக்கு."

"திருட்டே போகல. அப்ப இந்த அஞ்சும் எங்கேருந்து வந்துச்சு?"

கனகரட்ணம் மூன்றாவது முறை எண்ணத் தொடங்கினார்.

"எச்சில் பண்ணிக் காய வச்ச மாத்திரையக் காட்டுக்காரன் கேட்டானா?"

குஞ்சம்மா கனகரட்ணத்தின் கையையே பார்ப்பதைத் தனபாலன் கவனித்தார். அந்தக் கையில் ஒரு நீளக் கரண்டி.

"அந்தக் கரண்டிய இப்படிக் குடுங்க."

வாங்கித் தன் பெல்ட்டில் செருகிக்கொண்டார். "இப்ப சொல்லும்மா."

உடைந்தாள் குஞ்சம்மா!

"தொண்டை வலிச்சாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டு ஓடியான்னு மலாக்கா டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க சார். சனிக்கிழமை பிள்ளைக்குத் தொண்டை வலி. டிரஸ்ஸர் ஐயாகிட்ட சொன்னேன். வெட்டுக்காரி நீ எனக்கே வைத்தியம் சொல்றியான்னு கத்துனாரு. ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கேட்டேன். தரல. முழுங்கலேன்னா கரண்டியால வாயப் பொளந்து தண்ணியில கரைச்சு ஊத்துவேன்னாரு..."

"அதனால?"

"கன்னத்துல அடக்கிக்க, வெளிய வந்து துப்புன்னு சொல்லிக் குடுத்தேன். அஞ்சு நாளு, அஞ்சு மாத்திரை. நிறுத்திட்டோம்னு டாக்டரம்மாவுக்குக் காட்டத்தான் மடியில முடிஞ்சேன். கேட்டுல வாயத் தொறந்தா ஐயாவுக்குத் தெரிஞ்சிரும். கரைச்சு ஊத்திருவாரு!"

"தொண்டை வலி எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதானே!" கனகரட்ணத்தின் குரல் கீச்சிட்டது. "இருபது வருசம் டிரஸ்ஸரா..."

தனபாலன் போனைச் சுழற்றினார். மலாக்கா ஆஸ்பத்திரி. சுசீலாவுக்கு மாத்திரை எழுதிய டாக்டர் மனோரஞ்சிதம் லைனில் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஐயோ!" என்றது மறுமுனை. "அந்த மருந்து எப்பவாவது ஒரு பிள்ளைக்கு ரத்தத்தில வெள்ளை அணுவையே இல்லாமப் பண்ணிடும், இன்ஸ்பெக்டர். கிருமியோட சண்டை போட உடம்பில ஆள் இருக்காது. அதுக்கு முதல் எச்சரிக்கை மணிதான் தொண்டை வலி. கடைசியா எப்ப முழுங்கினவள்?"

"வெள்ளிக்கிழமை."

"அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லையா? நிச்சயமா?"

தனபாலன் மேசையைப் பார்த்தார்.

"அஞ்சும் என் முன்னால கெடக்கு, டாக்டர்."

ஒரு பெருமூச்சு. "தொடர்ந்து முழுங்கியிருந்தா நான் சவத்தைத்தான் பார்த்திருப்பன். இப்ப ஒரு வழி இருக்கு. பெனிசிலின் எடுத்து வைக்கிறன். ஓடி வாங்கோ!"

குஞ்சம்மா பிள்ளையோடு ஜீப்பில் ஏறினாள். சுசீலாவின் விரல்கள் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன.

கனகரட்ணம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இன்ஸ்பெக்டர்... இந்தக் கேஸ்... மேனேஜருக்கு நான் என்ன சொல்ல?"

கியரைத் தட்டினார் தனபாலன்.

"கேஸ் இருக்கு டிரஸ்ஸர். முக்கியச் சாட்சிக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்ல. ஆறினதும் பேசுவா. அதுவரைக்கும் நீங்க வாயில எதையாவது அடக்கிக்கிட்டு இருங்க!"