நான்கு நொடி உரிமம்

அன்று காலை குறுந்திடல் நாட்டில் தொள்ளாயிரம் பேர் பல் துலக்கிக்கொண்டே தொழில் உரிமம் வாங்கினார்கள். மனதில் நினைத்தால் போதும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் எண்ணவாங்கி அதை அரசாங்கக் கணினிக்கு அனுப்பிவிடும். நான்காவது நொடியில் உரிமம் மூளையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாய் கொப்பளிக்கும்போது அவர் முதலாளி.

ஆனால் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை.

சீர்திருத்தத் துறையின் தலைவி மங்களேஸ்வரிக்கு இதுதான் தலைவலி. குறுந்திடல், வியாழனைச் சுற்றும் ஒரு குட்டி நிலவில் இருக்கும் பொடி நாடு. ஆண்டு முடிவதற்குள் நூறு தொழிலாவது நடக்காவிட்டால் சரக்குக் கப்பல்கள் இங்கே நிற்காது. அப்புறம் ஊரையே கலைத்து, ஆளுக்கொரு பெட்டியோடு செவ்வாய்க்கு அனுப்பிவிடுவார்கள். பிறந்த மண் என்று சொல்லக் குறுந்திடலில் மண் கிடையாது, வெறும் பனிதான். ஆனாலும் அதை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

கப்பல் பழுதுபார்க்க உரிமம் வாங்கிவிட்டு எட்டு மாதமாகச் சும்மா இருந்த ஆரோக்கியசாமியை நேரிலேயே போய்ப் பார்த்தாள். ஏன் பட்டறையைத் திறக்கவில்லை என்று கேட்டாள். அவர் பேய் முழி முழித்தார்.

"நாலு நொடில குடுத்தா அது லைசென்ஸா மேடம்? யாரையும் பாக்கல, யாரும் சீல் குத்தல. நாளைக்கு ஒருத்தன் வந்து செல்லாதுன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கறது?"

மங்களேஸ்வரிக்குப் பொறி தட்டியது. அன்றைக்கே தொழிற்கூடத்துக்கு ஓடினாள்.

பத்தே நாளில் பிறந்தது எழுத்தர் எந்திரன். வயிற்றுக்குள் உரிமம் நான்கு நொடியில் தயாராகிவிடும். ஆனால் அது வெளியே காட்டிக்கொள்ளாது. விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். இனிஷியல் இல்லை என்று முகம் சுளிக்கும். சாப்பிடவே தெரியாவிட்டாலும் மதியம் ஒரு மணி நேரம் சாப்பிடப் போகும். கடைசியில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கு வாங்க" என்று சொல்லும்.

நாடே திரண்டு வந்து வரிசையில் நின்றது! மூன்றாம் நாள் எந்திரன் 'டொம்' என்று சீல் குத்தியபோது ஆரோக்கியசாமி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மாலையே பட்டறையில் வேலை ஆரம்பித்தது. இரண்டே மாதத்தில் நூற்று எழுபது தொழில்கள். மங்களேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உரிமம் தரும் வேகத்தை வைத்துப் போடும் கோள்களின் தொழில் தரப்பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் செவ்வாயிலிருந்து எஸ்தர் பொன்மணி என்ற பெண் அதிகாரி, கப்பல்கள் இங்கே நிற்கலாமா என்று சோதிக்க வந்து இறங்கினாள். வரிசையைப் பார்த்தாள். எந்திரன் ஒருவரைத் திருப்பி அனுப்புவதையும் பார்த்தாள். போச்சு, கப்பலும் போச்சு, நாடும் போச்சு என்று மங்களேஸ்வரி முடிவுகட்டிவிட்டாள்.

எஸ்தர் அவளைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். செவ்வாயில் உரிமம் ஒரே நொடியில் கிடைக்கிறதாம். நாற்பது லட்சம் உரிமம் கொடுத்தாயிற்றாம். திறந்த கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாமாம்.

"இந்த மாதிரி எந்திரன் நாலாயிரம் எங்களுக்குக் கிடைக்குமா?" என்றாள்.

மங்களேஸ்வரிக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கப்பல்கள் வந்தே தீரும், நாடு பிழைத்துவிட்டது! "தாராளமா. அடுத்த கப்பல்லயே ஏத்திடலாம்," என்றாள்.

எஸ்தரின் முகம் சுருங்கியது. "அவ்வளவு சீக்கிரமாவா?" என்று இழுத்தாள். "அப்ப நான் கொஞ்சம் யோசிக்கணும்."

மங்களேஸ்வரி சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். அந்தத் துறையில் அவளுக்கு மேலே யாரும் கிடையாது. இருந்தாலும் மேசை மேல் கிடந்த ஏதோ ஒரு தாளை எடுத்துப் புரட்டினாள், பெருமூச்சு விட்டாள்.

"பெரியவர் லீவுல இருக்கார். நீங்க நாளைக்கு வாங்க."

எஸ்தரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"நாற்பதாயிரமாவே போட்டுக்குங்க," என்றாள்.