ஒன்பதாம் மண்டலத்தின் மேலிடம்

தடங்காட்டி அறைக்கு மூன்று வருடத்தில் வந்த முதல் ஆள் மங்கையர்க்கரசிதான். தடங்காட்டியை இயக்க நியமிக்கப்பட்டிருந்த ஃபெலிக்ஸ், இயந்திரத்தின் மேல் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தான்.

"ரூம் மாறி வந்துட்டீங்களா மேடம்?"

"இல்லப்பா. ஒரு ஆர்டர் யார் போட்டதுன்னு பாக்கணும்."

ஃபெலிக்ஸ் பையை இறக்கிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

வெயில் நாற்பத்தொன்பது டிகிரியில் நிலைத்துவிட்ட பிறகு, வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருவதுபோலக் குளிர்காற்றும் வந்துகொண்டிருந்தது. அனுப்புவது குளிர்வாரியம். நேற்றிலிருந்து ஒன்பதாம் மண்டலத்துக்கு மட்டும் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை காற்று நிறுத்தம். மங்கையர்க்கரசி அந்த மண்டல அலுவலகத்தின் கண்காணிப்பாளர். அவள் வீடும் அதே மண்டலத்தில். வீட்டில் மகள் யாழினி, பிறந்து ஒன்பது நாளான குழந்தையோடு வெந்துகொண்டிருந்தாள்.

யாரைக் கேட்டாலும் "மேலிடத்து உத்தரவு" என்றார்கள். அந்த மேலிடம் யார் என்று அறியத்தான் தடங்காட்டியே வந்தது. ஊழியர் எல்லோருடைய சட்டையிலும் ஒரு செவிவில்லை. அலுவலகத்தில் பேசுவது அத்தனையும் பதிவாகும். ஆணை எண்ணைக் கொடுத்தால் வாய் வாயாகப் பின்னோக்கிப் போய் முதல் வாயைக் காட்டிவிடும். திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. அப்புறம் யாரும் வரவில்லை. மேலிடம் யாரென்று கேட்டது மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டால்?

ஃபெலிக்ஸ் எண்ணை அழுத்தினான். முதலில் வாரியத் தலைவரின் குரல். மங்கையர்க்கரசி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மினிஸ்டர் ஆபீஸ்ல சொல்லிருப்பாங்கய்யா. நமக்கு எதுக்கு வம்பு? குடு, கையெழுத்துப் போடுறேன்."

அதற்கு முன் தலைமைப் பொறியாளர்: "தலைவர் ஆசைப்படுறாராம். ஒரு தெருவுல மட்டும் நிறுத்துனா கண்ணுல படும். மண்டலத்துக்கே போட்ருவோம்."

அதற்கும் முன் மண்டலப் பொறியாளர்: "தலைவருக்குக் குளிர் ஒத்துக்கலையாம். ஆபீஸ் தெரு பூரா குறைக்கச் சொல்றாரு போல."

கடைசியாக ஒரு பெண் குரல், ரகசியம் பேசுவதுபோல: "தலைவர் தும்முனாரே, பாத்தீங்களா சார்? நம்ம ஹால்ல காத்தக் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்."

திரையில் பெயர் வந்தது. மங்கையர்க்கரசி.

"இல்லையே" என்றாள். "நான் ஹாலத்தானே சொன்னேன். அவர் தும்முனாருல்ல?"

மண்டல அலுவலகத்துக்கு வந்து மாலை வாங்கிய அன்று தலைவர் என்ன சொன்னார் என்றும் ஃபெலிக்ஸ் தேடிப் போட்டான். "மாலையக் கழட்டுங்கய்யா, மூக்கு அரிக்குது." அவ்வளவுதான்.

மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடியும் அவள் குரல்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஃபெலிக்ஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க இதுல உக்காருங்க மேடம். டீ சொல்லட்டுமா?"

திரை கேட்டது: 'ஆணை பிறந்த இடமே அதை ரத்து செய்யலாம். ரத்து செய்யவா?'

"அமுக்குங்க மேடம். பத்து நிமிஷத்துல காத்து வந்துரும்."

விரல் பொத்தான் வரை போய் நின்றது. "தலைவர் கையெழுத்துப் போட்டதப்பா. நான் எப்படி... மேல ஒரு வார்த்தை கேக்காம?"

"மேல யாரும் இல்ல மேடம். நீங்கதான்."

"அப்படியெல்லாம் பேசாத. வில்லை கேக்குது."

போன் அடித்தது. யாழினி. "பாப்பா பால் குடிக்க மாட்டேங்குதும்மா. யாரையாச்சும் கேட்டியா?"

"இந்தா, கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதி அனுப்பினாள். ஆணை பற்றிய மனு, அது பிறந்த இடத்துக்குத்தான் போகும் என்பது விதி. அரை நிமிடத்தில் அவள் கைத்திரை ஒலித்தது: 'மேலிடத்தின் பார்வைக்கு.' அந்தச் சொல்லைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். நின்றபடியே தன் மனுவைப் படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தது. பச்சைக் குழந்தை, பாவம். கண் கலங்கியது.

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் விரல் தானாக ஓரத்தில் குறிப்பெழுதியது: 'மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்.'

"மேடம்," ஃபெலிக்ஸ் கைகட்டி நின்றான், "அப்படியே என் டிரான்ஸ்ஃபரையும் கொஞ்சம் பாத்து..."

போன் மறுபடி அடித்தது.

"சொல்லிட்டேன்மா" என்றாள் மங்கையர்க்கரசி. "மேலிடத்துல படிச்சுட்டாங்க. நல்ல மனசுக்காரங்கதான், கண் கலங்கிட்டாங்க. ஆனா அவங்களும் மேல கேக்கணுமாம்."