மாடத்துக் காவல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாடம் உண்டு. எப்போதோ தண்ணீர்ப் பானை வைத்திருந்த இடம். பானை போய்விட்டது, இடம் மட்டும் மிஞ்சியது. முழங்காலை மடக்கிக்கொண்டால் ஒரு பிள்ளை உட்காரலாம்.

இங்கிலீஷ் மிஸ் ஒருநாள் 'ரிசெஸ்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். இடைவேளைக்கும் அதுதான் பேர், சுவரில் உள்ளடங்கிய மாடத்துக்கும் அதுதான் பேர், நீதிமன்றம் கொஞ்ச நேரம் கலைந்தாலும் அதுதான், மனத்தின் ஆழத்தில் இருக்கும் மூலைக்கும் அதேதான் என்றார். ஐந்தாம் வகுப்புக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இடைவேளை என்றாலே அவர்களுக்கு மாடம்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு அழுகை வருகிறதோ, அன்றைய இடைவேளையில் மாடம் அவருக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதுகைக் காட்டி வரிசையாக நின்று மறைத்துக்கொள்வார்கள். ஏன் அழுகிறாய் என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது.

ஐந்தாம் வகுப்பில் உயரமானவள் நெட்டை. அவளுக்கு அந்த மாடம் என்றால் உயிர். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் அவள் அழுது தீர்த்த இடம் அது. சுவரின் சில்லிப்பும், முன்னால் வரிசையாகத் தொங்கிய அக்காக்களின் பின்னல்களும் இன்னும் அவள் நினைவிலேயே நின்றன. போன மாதம் ஆசையாக ஏறி உட்காரப் பார்த்தாள். முழங்கால் மூக்கில் இடித்தது. அந்த நாட்கள் இனி வராது என்று நினைத்ததும் அழுகை முட்டியது. ஆனால் உட்கார்ந்து அழத்தான் இடம் கொள்ளவில்லை.

இந்த வருஷம் மாடம் பெரும்பாலும் சுண்டெலிக்குத்தான். ஒன்றாம் வகுப்பு வாண்டு. அவள் அம்மா வேலைக்காக வெளியூர் போயிருந்தார்.

அங்கேதான் வந்தது வினை. ஒருநாள் மணி அடித்ததும், காவல் நின்றவர்கள் வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடிவிட்டார்கள். சுண்டெலி உள்ளேயே அயர்ந்து தூங்கிப்போனாள். பிள்ளையைக் காணோம் என்று பள்ளிக்கூடமே அமளிதுமளிப்பட்டது. கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளே வந்து நின்றாள். தலைமையாசிரியையான பெரிய மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாடத்தை அடைக்க மறுநாளே கொத்தனாரை வரச் சொல்லிவிட்டார்.

மறுநாள் இடைவேளையில் கொத்தனார் செங்கலை ஓரமாக அடுக்கிவிட்டுக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். படியோரம் நின்ற சுண்டெலி நெட்டையின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் தூங்கினதாலதானே அக்கா?"

நெட்டை நேரே பெரிய மிஸ்ஸிடம் போனாள்.

"மாடத்து மேல தப்பு இல்ல மிஸ். நாங்கதான் பார்க்காம ஓடிட்டோம்."

"திரும்பிப் பார்த்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"அழுத முகத்தை யாரும் பார்க்கக் கூடாது மிஸ். அதுக்குத்தானே நிக்கிறோம்."

நெட்டை மூளையைக் கசக்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "மணி அடிச்சதும் திரும்பாமலே கையைப் பின்னால நீட்டுறோம் மிஸ். உள்ள இருக்கிறவங்க அதைப் பிடிச்சு இறங்கினாத்தான் நாங்க நகருவோம்."

சரி, எங்கே செய்து காட்டுங்கள் என்றார் பெரிய மிஸ். கலவை காய்ந்துவிடும் என்று கொத்தனார் முணுமுணுத்தார்.

சுண்டெலி மாடத்தில் ஏறிக்கொண்டாள். முன்னால் வரிசை நின்றது. மணி அடித்தது. நெட்டை கையைப் பின்னால் நீட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மற்ற வகுப்புகளெல்லாம் உள்ளே போய்விட்டன. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் திரும்பவில்லை. நெட்டைக்குத் தோள் கடுத்தது. தனக்காக நின்ற அக்காக்களுக்கும் இப்படித்தான் கால் வலித்திருக்குமோ என்று முதல்முறையாக நினைத்தாள். அவர்களை இப்போதே பார்க்க வேண்டும்போல இருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

கடைசியில், ஈரமான சின்னக் கை ஒன்று அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"செங்கலை எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கொத்தனாரிடம் சொன்ன பெரிய மிஸ்ஸும், மாடத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் நின்றிருந்தார்.