அவன் எழுப்பாத மாலை

சாரல் முகத்தில் அடித்தது. முதுகுப் பை ஒரு பக்கமாக இழுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டின் ஓரமாக யோகேஸ்வரி ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பஸ் அவளைத் தாண்டிப்போய்ச் சட்டென்று நின்றது. பின்படியில் தொங்கியபடி கண்டக்டர் கையை ஆட்டினான்.

"ஓடாதீங்க... மெதுவா வாங்க. வண்டி நிக்குது."

அவள் மூச்சு வாங்கப் படியருகே நின்றாள். "நான் பஸ்ஸுக்காக ஓடல."

"பொறவு?"

"சும்மா ஓடுறேன்."

"மழையிலயா..."

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஆனால் அவன் கண்களில் கேலி இல்லை. நிஜமான குழப்பம்தான் இருந்தது. இமை நுனியில் ஒரு மழைத்துளி... அதை ஏன் கவனித்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. கையில் வாட்ச் அதிர்ந்தது. வேகம் குறைந்துவிட்டதாம்.

"என் ஓட்டமே கெட்டுப்போச்சு" என்றாள் எரிச்சலாக.

"எங்க டைமும்தாங்க" என்று அவன் விசிலை எடுத்தான். அதற்குள் டிரைவர் ஐயாதுரை ஹாரனை அழுத்தி, திட்டவும் தொடங்கியிருந்தார்.

அந்த வாட்ச் ராணுவத்தில் இருக்கும் தம்பி முத்துக்குமரன் அனுப்பியது. முந்தின நாள் எப்படி ஓடினாள், ராத்திரி எவ்வளவு தூங்கினாள் என்று பார்த்து, தினமும் காலையில் அதுவே ஒரு ஓட்டத்தைச் சொல்லும். இன்று நாற்பது நிமிடம், நிதானமாக. சொல்வது சுலபம். எந்த நாற்பது நிமிடம்? பக்கவாதத்தில் கிடக்கும் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, அத்தை வந்ததும் ஒப்படைத்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சாயங்காலம் அத்தை கிளம்புவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

தேடித்தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு இடுக்குதான் அகப்பட்டது. ஊருக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி, செருப்பைப் பைக்குள் போட்டு ஷூவை மாட்டிக்கொண்டு வீடுவரை ஓடுவது. வாட்ச் சொன்னதில் பாதிகூடத் தேறாது. பரவாயில்லை...

ஆஸ்பத்திரியில் டூட்டி நேரத்தை மாற்றினார்கள். அந்தக் கண்டக்டரின் பஸ்தான் இனி அவளுக்கு. பெயர் பொன்னுராஜ் என்று ஐயாதுரை கூப்பிட்டதில் தெரிந்தது. முதல் நாள் அவன் ஒன்றும் கேட்காமல் முந்தின ஸ்டாப்புக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அன்று மழையில் தன்னால் வண்டிக்கு நேரமானதற்கு அவள் வருத்தம் சொன்னாள். முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனக்குப் பழகிப்போனதுதான் என்றான்.

பிறகு அவன் பஸ்ஸில் வரும் நாளெல்லாம் ஒரு கேள்வி.

"இன்னைக்கு என்ன உத்தரவு?"

"செத்த நேரம் வேகமா, செத்த நேரம் மெதுவா... மாத்தி மாத்தி ஓடணுமாம்."

"எங்க ஐயாதுரை அண்ணன் வண்டி ஓட்டுற மாதிரியா?"

அவள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது. கூட்டத்துக்குள் நுழைந்து போகும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்... வெளியே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வார்டில் உட்காரவே நேரம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறிய உடனே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. அவள் ஸ்டாப் எப்போதோ போய்விட்டது.

"ஏன் எழுப்பல?"

"அசந்து தூங்குனீங்க. எழுப்பி ஓடச் சொல்ல மனசு வரல" என்றான் பொன்னுராஜ்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. "எனக்கு எது நல்லதுன்னு வீட்டுல சொல்றாங்க, ஆஸ்பத்திரியில சொல்றாங்க. போதாதுன்னு நீங்களுமா? இந்த வாட்ச்சும் சொல்லுதுதான். ஆனா அதுகிட்ட மட்டுந்தான் வேண்டாம்னு சொல்ல முடியும். ஓடுறது நானா எடுத்த முடிவு. அது ஒண்ணுதான் என்னோடது."

அவள் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவனுடைய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தாள். கால்மணி நேரம் வீணானது. அத்தை முணுமுணுத்தாள். ஓடினாலும் கால்கள் மண்ணாய்க் கனத்தன. தூங்கத்தானே விட்டான்... அதற்கா இவ்வளவு கோபம்? ஆனாலும் போய்ப் பேச வீம்பு விடவில்லை.

ஒரு மாலை முந்தின ஸ்டாப்பில் இறங்கினாள். புளியமரத்தடியில் பொன்னுராஜ் நின்றிருந்தான். காக்கி இல்லை. கட்டம்போட்ட சட்டை, காலில் புத்தம்புது ஷூ.

"இன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல" என்றான். "அன்னைக்கு உங்களை எழுப்பிட்டு, ஓடுறீங்களா தூங்குறீங்களான்னு கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான்."

தூறல் அவன் தோளை நனைத்துக்கொண்டிருந்தது.

"இப்பக் கேக்குறேன்... நானும் கூட ஓடி வரட்டுமா? வேண்டாம்னா வேண்டாம். அடுத்த வண்டியில ஏறிப் போயிருவேன்."

அவனைப் பார்த்தாள். தினமும் பஸ்ஸில் நின்று நின்று வீங்கிய பாதங்களைப் புது ஷூவுக்குள் திணித்திருந்தான். லேசாக நொண்டினான்.

"வாட்ச் இன்னைக்கு ஓய்வு எடுக்கச் சொல்லுது" என்றாள்.

அவன் முகம் வாடியது.

"நடக்கலாம்... ஓடச் சொன்னாலும் இன்னைக்கு என்னால முடியாது."

நடந்தார்கள். லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துப் போயின. பாலத்துக்குப் பக்கத்தில் அவன் நின்றான்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க வராத நாள்ல வண்டி நிறைய ஆள் இருந்தாலும் காலியாத்தான் தெரியுது."

அவளுக்குக் கண் கரித்தது. மழைதான் என்று சொல்லிக்கொள்ளலாம்... சொல்லத் தோன்றவில்லை.

"எனக்கும்தான்" என்றாள் மெல்ல. "ஆனா நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன் பொன்னுராஜ். அம்மாவை விட்டு எங்கயும் வர முடியாது. சினிமாவுக்குக் கோயிலுக்குன்னு சுத்த எனக்கு நேரமே இல்ல. உங்ககூட இருக்கும்போதும் தூங்கிருவேன்."

"நானும் தூங்கிருவேன்" என்றான் அவன்.

அவள் சிரித்தபடியே அழுதாள். பிறகு பாலத்தின் ஈரச் சுவரில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார, தயங்கித் தயங்கி, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.