ஸ்கெலட்டனில் கிளம்பாத வண்டி

ஞாயிறு காலை 6.05. டென்சில் சாவியைத் திருப்பினான். சாம்பல் நிற ஏழு சீட்டு டீசல் வண்டி கரகரவென்று இழுத்தது, பிடிக்கவில்லை. ஆறாவது தடவையில் பேட்டரியும் கையை விரித்துவிட்டது. வண்டியைக் காட்டிய புரோக்கருக்குப் போன் போட்டான்.

7.40. கோலாரிலிருந்து புரோக்கர் தங்கவேலு, மெக்கானிக் திலீப்பைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். திலீப் பானெட்டைத் தூக்கினான். டீசல் ஃபில்டரைக் கழற்றினான். முதுகைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் குனிந்திருந்தவன், நிமிர்ந்தபோது ஃபில்டர் கிண்ணத்தை எல்லாருக்கும் காட்டினான். பாதிக்குப் பாதி தண்ணீர். டேங்கில் எவனோ தண்ணீர் ஊற்றிவிட்டான் என்று தங்கவேலு போட்ட சத்தத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகள் அத்தனையும் வாசலுக்கு வந்தன.

8.30. தங்கவேலு போன் போட்டதில் சப்-இன்ஸ்பெக்டர் மமதாவின் ஜீப் வந்து நின்றது. இரவெல்லாம் ஆடிக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. டிரைவர் வாசு வழக்கம்போல ஜீப் கண்ணாடியைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கூட வந்தார். மமதா பக்கத்துச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் பிறந்து வளர்ந்தவள். அதற்காக இந்த லைனில் யாரும் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை.

தங்கவேலு ஒரு காகிதத்தை நீட்டினார். சோதனைக்காக ஒரு ராத்திரி வண்டியை எடுத்துக்கொள்கிறேன், அதுவரை வண்டி என் பொறுப்பு என்று டென்சில் போட்டுக் கொடுத்த கையெழுத்து.

"ஒண்ணு, இவரு வண்டிய எடுத்துக்கணும். இல்லன்னா தண்ணி ஊத்தினவன் மேல கேஸ் போடுங்க மேடம்."

"ஊத்தினது யாரு?"

தங்கவேலுவின் விரல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கிறிஸ்டோவைக் காட்டியது. டென்சிலின் மனைவி பியாட்ரிஸுக்கு அவன் உடன்பிறந்த தம்பி. அக்கா வீட்டில்தான் இருக்கிறான். மமதாவுக்கு அந்தப் பெயர் தெரியும். விமான நிலையச் சரக்குப் பிரிவு வேலைக்காக அவனுடைய போலீஸ் விசாரணைக் காகிதம் இரண்டு நாளாக அவள் மேஜையில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் வேலை போயிற்று.

"நேத்து சாயங்காலம் எல்லார் எதிர்லயும் சொன்னான் மேடம்," என்றார் தங்கவேலு. "டீசல்ல தண்ணிய ஊத்தி நிறுத்திடுவேன்னு."

"சொன்னியா?"

"சொன்னேன்," என்றான் கிறிஸ்டோ, எழுந்திருக்காமலே. "சொன்னா ஊத்திட்டன்னு ஆயிடுமா?"

அந்தச் சண்டையின் கதையை மமதா ஆளாளுக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மாரிகுப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் அலுத்துப்போன டென்சிலும் இன்னும் ஆறு பேரும் ஒயிட்ஃபீல்டு வேலைக்குச் சேர்ந்து போக ஒரு பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். போக வர நூற்றைம்பது கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கு டீசல்தான் கட்டுப்படியாகும் என்பது டென்சிலின் கட்சி. கிறிஸ்டோ ஒப்பவில்லை. பதினைந்து வருஷத்தை எட்டப்போகிற வண்டிக்கு மறுபடி ரிஜிஸ்ட்ரேஷன் அலைச்சல் உண்டு, பம்ப்போ இன்ஜெக்டரோ போனால் ஏழு பேரின் சம்பளத்தையும் அது தின்றுவிடும், கொஞ்சம் அதிகமாகக் குடித்தாலும் பெட்ரோல் வண்டியே மேல் என்று அவன் நின்றான். பேச்சு தடித்தது. சோறு போடுகிற வீட்டில் யோசனை சொல்லாதே என்று டென்சில் சொல்ல, அதற்குப் பதிலாகத்தான் அந்தத் தண்ணீர் வார்த்தை விழுந்தது.

மமதா டென்சிலிடம் திரும்பினாள். "நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

"அவன்தான் மேடம். வேற யாருக்கு இன்னா வந்துச்சு? இட்டுகினு போங்க."

பியாட்ரிஸ் கணவனைப் பார்த்த பார்வையில் பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

8.55. மமதா நோட்டைத் திறந்து நேரம் நேரமாக எழுதினாள். சனி மாலை 5.30, தங்கவேலு வண்டியை ஓட்டிவந்து விட்டார். 5.45, டென்சில் பேத்தமங்கலம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். ஒரு குறையும் இல்லை. 6.30, பியாட்ரிஸ் வண்டியைக் கழுவித் துடைத்தாள். 6.50, டென்சில் அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினான். அதன் பிறகு யாரும் வண்டியைத் தொடவில்லை.

படத்தை வாங்கிப் பார்த்தாள். வண்டி கண்ணாடியாக மின்னியது. டீசல் மூடி இருக்கும் இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. மமதா அந்தச் சந்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனாள். மூடிக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. செல்போனில் மூன்று படம் எடுத்தாள்.

"வாசண்ணா, டேங்க் அடியில இருக்கிற பிளக்கத் தொறந்து ஒரு பாட்டில் பிடிங்க."

தங்கவேலு குறுக்கே வந்தார். "இன்னாத்துக்கு மேடம்? ஃபில்டர்லயே தண்ணி இருந்துச்சே, ஊரே பார்த்துச்சு."

"ஊரு பார்த்துச்சு. நான் பார்க்கல."

வாசு பிடித்துவந்த கண்ணாடிப் பாட்டிலைப் படிக்கட்டில் வைத்தார்கள். பத்து நிமிடம் அசைக்காமல் தெளிய விட்டார்கள். அடி முதல் கழுத்து வரை ஒரே நிறத்தில் டீசல். மமதா டென்சிலைக் கேட்டாள்.

"இந்த வண்டிய எத்தனை தடவை பார்த்தீங்க?"

"மூணு தடவை."

"ஒரு தடவையாவது நீங்க அவர் எடத்துக்குப் போய், நின்னுகினு இருந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?"

டென்சில் யோசித்தான். "இல்ல. அவரே ஓட்டிகினு வந்துடுவாரு."

"பானெட்டு?"

"சூடா இருக்கும்."

9.40. மமதா நோட்டை மூடினாள்.

"தண்ணிக்கு டீசலவிட கனம் ஜாஸ்தி. டேங்கில ஊத்தியிருந்தா அடியில நிக்கும். அடியில ஒரு சொட்டு இல்ல. டேங்கில இல்லாத தண்ணி ஃபில்டருக்கு எப்படி வந்துச்சு? ஃபில்டரக் கழட்டினவன் ஒருத்தன்தான்."

திலீப் பைக் பக்கம் ஒரு அடி வைத்தான். வாசு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"டேங்க் அடியில இருந்தத எல்லாம் பம்ப் இழுத்துகினு போயிருக்கும்," என்றார் தங்கவேலு.

"கிளம்பாத வண்டியிலயா?" மமதா செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது டீசல் மூடி. சுத்தி இருக்கிற இடுக்கப் பாருங்க."

மூடியின் மேலும், மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் மெல்லிய இடுக்கிலும், சலித்த மாவு போல வெளுத்த தூசி ஒரே படலமாகப் படிந்திருந்தது. ஒரு விரல் தடம் இல்லை. ஒரு கீறல் இல்லை. தங்கம் எடுத்து மிஞ்சிய மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து ஆடிக் காற்று ராத்திரி முழுக்க வாரி இறைப்பது அது. எழுந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அது ஒரு பொருளாகவே அவர்கள் கண்ணில் படுவதில்லை. லைனில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஆறரைக்குக் கழுவின வண்டி. அதுக்கப்புறம் யாராவது மூடியத் தொறந்திருந்தா இந்தப் படலம் உடைஞ்சிருக்கும். ராத்திரி யாரும் தொறக்கல. நீங்க கோலார்க்காரர், உங்களுக்கு இது தெரியாது. இவங்களுக்குத் தெரிஞ்சும் தெரியல. நானும் மூடிக்கு எதிர்ல போய் நின்ன பிறகுதான் பார்த்தேன்."

மமதா செல்போனைப் பைக்குள் போட்டாள்.

"இன்ஜின்ல அழுத்தம் போயிடுச்சு. சூட்டுல ஸ்டார்ட் ஆகும், ஆறிட்டா ஆகாது. அதனாலதான் எப்பவும் சூடு பண்ணியே கொண்டாந்து காட்டினீங்க. ராத்திரி முழுக்க நின்னா காலையில குட்டு உடைஞ்சிடும்னு தெரியும். நேத்து இவன் கோவத்துல சொன்ன வார்த்தை உங்க காதுல விழுந்துச்சு. பழிய அவன் மேல போட்டா, செத்த இன்ஜினையும் இவங்க தலையில கட்டிடலாம்."

"அண்ணன்தான் வரும்போது தண்ணி பாட்டிலக் குடுத்தாரு மேடம்," என்றான் திலீப். "நானா செய்யல."

தங்கவேலு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வாசு இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார். டென்சிலின் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மமதா தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், சாட்சிக்கு. பிறகு கிறிஸ்டோவிடம், அவன் காகிதம் நாளைக்கே போய்விடும், ஒரு குறிப்பும் இருக்காது என்று சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

டென்சில் இரண்டடி முன்னால் வந்தான். வாசல் நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மச்சான், நீ சொன்னதுதான் சரி. அந்தப் பெட்ரோல் வண்டியையே பார்க்கலாம். மத்தியானம் நீயும் வா."

கிறிஸ்டோ எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான்.

"இட்டுகினு போங்கன்னு சொன்னியே மாமா. அப்ப நான் உன் மச்சான்னு உனக்குத் தோணலியா?"

உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். பியாட்ரிஸ் அவனைத் தடுக்கவில்லை. தம்பி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டென்சிலைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கிளம்பாத வண்டியும் அவனும் வெளியே நின்றார்கள்.